ஜனாதிபதி பேசினால் அரிசி வாங்கு

ஒரு நாட்டு மக்கள் தங்கள் ஜனாதிபதியை எவ்வளவு நம்புகிறார்கள் என்று அறியக் கருத்துக்கணிப்பு நடத்துகிறார்கள். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், கோடு கீறிக் காட்டுகிறார்கள். கோடு மேலே போகிறது, கீழே வருகிறது, அதைப் பார்த்து நாலு பேர் மேசையைச் சுற்றியிருந்து கதைக்கிறார்கள். என்னை இதுவரை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், லண்டனில் குட்மேய்ஸ் என்ற இடத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து பொக்ஸ் றூமைத் திறந்து பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

பொக்ஸ் றூம் என்பது மூன்றாவது படுக்கையறை என்று சொல்லி வீடு விற்பவர்கள் எங்கள் தலையில் கட்டும் சின்ன அறை. ஒரு கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. அந்த அறையை என் தங்கைக்காக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். புது மெத்தை, புது விரிப்பு, யன்னலுக்குப் பூப்போட்ட சீலை. பிறகு போர் தொடங்கியது. அதன்பின் அந்த மெத்தையில் அரிசி மூட்டைகள்தான் படுத்திருந்தன.

போருக்குள் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரசாங்கம் ஏதாவது சொன்னால், அது உண்மையா பொய்யா என்று யோசித்துக்கொண்டு நிற்க மாட்டோம், பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவோம். யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் 'பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை' என்று வானொலி சொன்னால் அம்மா மண்ணெண்ணெய்க் கானைத் தூக்குவா. 'நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது' என்றால் சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் வாங்க வேண்டும் என்று அர்த்தம். 'போர் இறுதிக் கட்டத்தை அடைந்துவிட்டது' என்று சொன்ன நாட்களில் அயலில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது, எல்லோரும் சங்கக்கடை வாசலில் நிற்பார்கள். யாரும் அரசாங்கத்தைத் திட்டியதாக எனக்கு நினைவில்லை. திட்டிக்கொண்டு நின்றால் வரிசையில் இடம் போய்விடும்.

இந்தப் போர் எங்கள் போர் அல்ல. பெரிய நாடு ஒன்றின் ஜனாதிபதி எங்கோ வளைகுடாப் பக்கத்தில் தொடங்கி வைத்தது. அவருடைய சொந்தச் சனத்துக்கே அது பிடிக்கவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். லண்டனிலும் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. சனிக்கிழமைகளில் நகரத்தின் நடுவில் பதாகை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறேன். விறைப்பூசி போட்டு, பாதி வாய் தொங்க வெளியே வருகிறவர்கள்கூட என்னிடம் அடுத்த தவணையைக் கேட்கும் முன்பு மீதிப் பாதி வாயால் அந்த ஜனாதிபதியைத் திட்டிவிட்டுத்தான் போனார்கள். எனக்கும் அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. ஆனால் என் காரணம் வேறு. அவர் அடைத்து வைத்த வானத்தின் வழியாகத்தான் என் தங்கை வர இருந்தாள்.

அதை முதலில் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் அம்மா இறந்து ஒரு வருடமாகவில்லை. என்னால் போக முடியவில்லை, அந்த நேரம் நானே மருத்துவமனையில் படுத்திருந்தேன். செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். யாரோ ஒருவர் கையில் பிடித்திருந்த தொலைபேசி, பாதி நேரம் பந்தலின் கூரையைத்தான் காட்டியது. அந்தப் பக்கம் தங்கை அழுதாள், இந்தப் பக்கம் நான் அழுதேன், இடையில் படம் நின்றுபோனது. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழாத அழுகை ஒரு அழுகையா? அது எனக்குள் அப்படியே கிடந்தது. தங்கைக்கு இரண்டு தடவை விசா மறுத்தார்கள், மூன்றாவது தடவை கிடைத்தது. வளைகுடா வழியாக டிக்கெட் போட்டோம். அம்மாவின் சேலை ஒன்று கொண்டுவா, துவைக்காமல் கொண்டுவா என்று மட்டும் சொன்னேன். அவள் பெட்டி கட்டத் தொடங்கிய கிழமையில் வானத்தை மூடிவிட்டார்கள்.

இனி என் கணவர். கவுன்சிலில் வேலை, தெருவிளக்குப் பிரிவு. நல்ல மனிதர், ஒரு குறைதான், அந்த ஜனாதிபதியை நம்பினார். எங்கள் தெருவிலேயே, ஏன், குட்மேய்ஸ் முழுவதிலுமே அவரை நம்பிய ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. இவரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், இவருடைய அம்மாவும் மண்ணெண்ணெய்க் கான் தூக்கியவர்தான்.

"ரெண்டு கிழமையில முடியும் எண்டு அந்தாள் சொல்லிப்போட்டார். நீர் ஏன் அந்தரப்படுறீர்?" என்றார் தொடக்கத்தில்.

அன்றே நான் முதல் மூட்டையை வாங்கினேன். தெரு முனையில் இருக்கும் தமிழ்க் கடைக்கார அண்ணை அதைக் காரில் ஏற்றிவிட்டார். மாடிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு படிக்கு ஒரு தரம் ஜனாதிபதியின் பெயரைச் சொல்லி இழுத்தேன்.

இரண்டு கிழமை முடிந்தது, போர் முடியவில்லை. விமானக் கம்பனி தங்கையின் பயணத்தைத் தள்ளிவைத்ததாகச் செய்தி அனுப்பியது. நேரே வரும் விமானங்களில் எல்லோரும் போய் விழுந்ததில் ஒரு இடம்கூட இல்லை. வேறு வழியாகப் பார்ப்போம் என்று நான் சொல்ல, என் கணவர் பொறும் என்றார். மாத முடிவுக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனாதிபதி சொன்னாராம். மாத முடிவு என்று எந்த மாதத்தைச் சொன்னார் என்று கேட்டேன். நான் இரண்டாவது மூட்டைக்குப் போனேன், கூடவே பருப்பும் ரின் மீனும் மெழுகுதிரியும் வாங்கினேன்.

லண்டனில் மெழுகுதிரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டாள். மலேசியத் தமிழச்சி, சட்டம் படிக்க வந்து இங்கேயே தங்கி, இப்போது பெரிய கம்பனியில் வேலை. அவள் தன் வாழ்க்கையில் கண்ட ஒரே வரிசை விமான நிலையத்து வரிசைதான். நான் காரிலிருந்து சாமான் இறக்குவதைப் பார்த்துவிட்டு, இங்கே நடந்து போகும் தூரத்தில் இத்தனை கடை இருக்கும்போது இது என்ன வேலை அக்கா என்று சிரித்தாள். அந்த ஜனாதிபதிக்கு ஆதரவு இறங்கிக்கொண்டே போகிறது, கருத்துக்கணிப்பெல்லாம் அப்படித்தான் சொல்கிறது, கெதியில் விட்டுவிடுவார் என்று எனக்கு அரசியல் விளக்கினாள். ஆதரவு இறங்கினால்தான் அவர்கள் கூடுதலாக அடிப்பார்கள் என்று நான் அவளுக்கு விளக்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய காரிலிருந்தும் ஒரு சின்ன மூட்டை இறங்கியது. சும்மாதான் வாங்கினேன் என்று சொன்னாள். நான் சிரிக்கவில்லை, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கடைக்கார அண்ணையோ தன் வியாபாரத்தையே அந்த ஜனாதிபதியின் வாயில் கட்டிவிட்டார். கல்லாவுக்கு மேலே ஒரு தொலைக்காட்சி வைத்திருந்தார். முன்பு அதில் நாடகம் ஓடும், இப்போது செய்தி ஓடியது. ஜனாதிபதி மிரட்டினால் அண்ணை அசையமாட்டார். ஜனாதிபதி சிரித்துக்கொண்டு சமாதானம் என்று தொடங்கினால் உடனே பின்னுக்குப் போய் அரிசியை முன்னுக்கு இழுத்து வைப்பார். "பிள்ளை, உவர் கோபமா இருக்கேக்குள்ள ஒரு சனமும் வராது. சண்டையில வெண்டிட்டம் எண்டு சொன்னாரோ, பின்னேரத்துக்குள்ள கடை துடைச்ச மாதிரிப் போயிடும்" என்றார். ஒரு தரம் ஜனாதிபதி தொண்டை கட்டிப் பேசாமல் விட்ட கிழமையில் அண்ணைக்கு வியாபாரமே இல்லை. பாவம், அவருக்குச் சுகமோ தெரியாது என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

இதற்கிடையில் என் கணவரின் நம்பிக்கை தேயத் தொடங்கியது. அது ஒரேயடியாகத் தேயவில்லை. ஒரு மனிதன் ஒரு தலைவரைக் கைவிடுவது எப்படி என்பதை நான் சாப்பாட்டு மேசையில் இருந்து பார்த்தேன். முதலில் ஜனாதிபதி சொன்னதை எனக்குச் சொற்பிசகாமல் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தாள் நல்லவர்தான், பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் பிழையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றார். அடுத்த கிழமை, யார் வந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார். அதற்குப் பிறகு முந்தியிருந்த ஜனாதிபதியைத் திட்டினார். திட்டுவதற்கு முந்தியவர்களும் முடிந்த பிறகு, ஜனாதிபதி திரையில் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு வாயசைவை மட்டும் பார்த்தார். அப்போதும் என்னிடம் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கையின் விசா ஒவ்வொரு கிழமையாகக் கரைய, "பொறும், இந்த முறை நிச்சயம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 'நிச்சயம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கரண்டியை மேசையில் போடுகிற சத்தத்தில் என் கருத்தைத் தெரிவித்தேன்.

ஒவ்வொரு பின்னேரமும் தங்கை கூப்பிடுவாள். கட்டிய பெட்டியை அவிழ்க்கட்டுமா அக்கா என்று கேட்பாள். அவிழ்க்காதே என்பேன். இந்தப் பேச்சு முடிந்ததும் நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்தேன். வெளியே வந்து, எப்ப முடியும் இந்தச் சனியன் என்று என் கணவரைக் கேட்பேன், அவர்தான் போரைத் தொடங்கியவர் மாதிரி. அவரும் அவர்தான் முடித்துவைக்கப் போகிறவர் மாதிரி ஒரு திகதி சொல்லுவார்.

அப்படி ஒரு சனிக்கிழமை பின்னேரம். நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜனாதிபதி திரையில் வந்தார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைக்கார அண்ணை பார்த்திருந்தால் கடையையே வாசலுக்கு இழுத்திருப்பார். என் கணவர் சத்தத்தைக் கூட்டினார். நாங்கள் வென்றுவிட்டோம், வானம் நாளைக்கே திறக்கும், பயப்பட ஒன்றுமே இல்லை, எல்லோரும் வழமைபோல இருக்கலாம் என்றார் ஜனாதிபதி.

நான் கத்தியை வைத்துவிட்டு, கைப்பையை எங்கே வைத்தேன் என்று தேடினேன். திரும்பிப் பார்த்தால் என் கணவரைக் காணவில்லை. தோட்டத்தில் நின்று யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சொன்னேனே, பார்த்தாயா என்று சிநேகிதர்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சப்பாத்தைப் போட்டேன், சண்டை பிடிக்க ஆயத்தமாகத் தோட்டத்துக் கதவடியில் போய் நின்றேன். அவர் பேசி முடிக்கவில்லை, வேலிக்கு மேலாலே பக்கத்து வீட்டுக்காரியோடு வேறு கதைத்தார். அவளும் தலையை ஆட்டினாள், தொலைபேசியை எடுத்தாள். என்ன கூத்து இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்தவர் என் சப்பாத்தைப் பார்த்தார்.

"கடைக்கோ?"

"ஓம்."

"போறதெண்டா இன்னும் கொஞ்சம் அரிசி கூடப் போடும். தங்கச்சி வாறா. மலேசியாவாலை டிக்கெட் மாத்திட்டன். அங்க இறங்கி நிக்கிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர தம்பி வந்து பாப்பானாம்."

மேற்கே வருவதற்குக் கிழக்கே போகும் பயணம் அது. எனக்கு உடனே விளங்கவில்லை. வானம் நாளைக்குத் திறக்கும் என்று இப்போதுதானே சொன்னார் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஜனாதிபதிக்காக நான் வாதாடினேன்.

என் கணவர் கதிரையில் இருந்தார். "பயப்பட ஒண்டுமில்லை எண்டு சொன்னவர். கேட்டனீரோ? இவ்வளவு நாளும் அவர் வெருட்டினவர், வீரம் கதைச்சவர், அதையெல்லாம் நான் பொறுத்தனான். இது எனக்குத் தெரிஞ்ச சொல்லு. ஊரில இந்தச் சொல்லைக் கேட்டு நாங்கள் வீட்டிலேயே இருந்த ஒரே ஒரு நாளிலதான் குண்டு விழுந்து கூரை போனது."

அந்தக் கூரைக் கதை எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் நடக்கிறபோது ஒரு காலை இழுப்பது அதனால்தான். கல்யாணமான நாளிலிருந்து அதைப் பற்றி அவர் இரண்டு வசனத்துக்கு மேல் பேசியதில்லை. நான் சப்பாத்தைக் கழற்றாமலே எதிர்க் கதிரையில் இருந்தேன்.

அப்படியென்றால் இவ்வளவு நாளும் ஏன் அந்த மனிதரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினீர்கள், நம்பினீர்களா இல்லையா என்று கேட்டேன். என் குரலில் இன்னும் கொஞ்சம் சண்டை மிச்சமிருந்தது.

"முதல்ல நம்பினனான்தான். பிறகு இல்லை." என்றார். "நீர் பைப்பைத் திறந்துபோட்டு அழுறது எனக்குக் கேக்கிறேல்லையெண்டோ நினைச்சனீர்? வெளிய வந்து எப்ப முடியும் எண்டு கேப்பீர். நான் என்னத்தைச் சொல்ல? உலகத்தில அவர் ஒருத்தர்தான் திகதி சொன்னவர்."

ஒரு பொய்யனை ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள் என்று மேசையைச் சுற்றியிருந்து கதைக்கிற அந்த நாலு பேரும் இதைச் சொன்னதில்லை. அன்றைக்கு என் கணவர் மேல் எனக்கு வந்த அன்பை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பயற்றங்காயை அவர் விரும்புகிற மாதிரித் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினேன். கடைக்கும் போனேன். அண்ணையிடம் கடைசி மூட்டைதான் இருந்தது. வானம் அடுத்த நாள் திறக்கவில்லை.

தங்கை வந்தாள். ஹீத்ரோவில் தள்ளுவண்டியை விட்டுவிட்டு அவள் ஓடிவந்ததும், நாங்கள் இரண்டு பேரும் ஆட்கள் போகும் வழியின் நடுவில் நின்று கட்டிப்பிடித்து அழுததும், எங்களைச் சுற்றிப் போனவர்கள் பெட்டிகளை உயர்த்திக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது. ஒரு வருடமாக எனக்குள் கிடந்தது அங்கேதான் வெளியே வந்தது. என் கணவர் தள்ளுவண்டிக்குக் காவல் நின்றார். பிறகு, கார் தரிப்பிடத்தில் நேரம் முடியப்போகிறது, மிச்சத்தை வீட்டில் அழலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பொக்ஸ் றூமைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டிலைச் சுற்றி மூட்டைகளை அடுக்கி, கட்டிலுக்கு மட்டும் வழி விட்டிருந்தேன். தங்கை வாசலில் நின்று பார்த்தாள். அரிசி, பருப்பு, ரின் மீன், சவர்க்காரம். நல்ல அறை அக்கா என்று சொல்லிவிட்டு, ஒரு மூட்டையின் மேல் ஏறியிருந்து பெட்டியைத் திறந்தாள்.

மேலே அம்மாவின் சேலை. நான் நன்றாக அறிந்த மண்ணிற நூல் சேலை, சொன்ன மாதிரியே துவைக்காமல். எடுத்தேன், பாரமாக இருந்தது. அதற்குள் எதையோ இறுகச் சுற்றியிருந்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். மெழுகுதிரிகள். கட்டுக் கட்டாக, பிறந்த பிள்ளையைப் போல அம்மாவின் சேலைக்குள் சுற்றி, பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. லண்டனுக்கு ஏன் இது என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லைதான்.

"உங்க லண்டனுக்கு ஒரு பிரச்சினையும் வராதெண்டு ரீவியில சொன்னவங்கள் அக்கா. எனக்கு நெஞ்சு பகீரெண்டுது. அதுதான்," என்றாள். பிறகு முகம் சின்னதாகப் போனது. "நெருப்புப்பெட்டியும் வைச்சனான். கட்டுநாயக்கா எயார்போட்டில எடுத்துப்போட்டாங்கள்."

இவ்வளவு தூரம் மெழுகுதிரியைக் கொண்டுவந்து நெருப்பில்லாமல் வந்து நிற்கிறேனே என்று அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள். என் கணவர் கதவுக்கும் கட்டிலுக்கும் இடையிலிருந்த இடுக்கால் உடம்பை நுழைத்து உள்ளே வந்தார். குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். அது எனக்குத் தெரியாத பெட்டி. நான் வாங்கியதில்லை. திறந்தார். விளிம்புவரை நெருப்புப்பெட்டிகள்.

"பயப்பட ஒண்டுமில்லை," என்றார் தங்கையிடம்.

அந்தச் சொல்லை இதுவரை எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கைப்பையைத் தேடாமல் நான் நம்பியது இவர் ஒருவரைத்தான்.